கோப்பு இருக்கு, உரிமையாளர் எங்கே?



ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, எங்கள் கிளையின் புதிய செயலாளர் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பேக்கப் ஓட மாட்டேங்குது. மூணு வாரத்துக்கு மேலா பிழைச் செய்தி வருது. லைன் சரியில்லைன்னு நினைச்சு விட்டுட்டேன்."

லைன் நன்றாகத்தான் இருந்தது. 'இந்தக் கணக்கில் நுழைய முடியவில்லை' என்பதுதான் செய்தி. முன்னாள் செயலாளர் அக்கா, தம் கல்லூரி மின்னஞ்சலைக் கொண்டு கூகள் டிரைவில் கிளையின் கோப்புறையைத் தொடங்கியிருந்தார். பேக்கப் செயலியும் அதே கணக்கில்தான் ஓடியது. அவர் படிப்பு முடிந்ததும் கல்லூரி கணக்கை அழித்துவிட்டது.

கல்லூரிக்குப் போன் செய்தோம். இத்தகைய நிறுவனக் கணக்கை அழித்தால், நிர்வாகி 20 நாளுக்குள் மீட்கலாம். எங்களுக்கோ 23 நாள் ஆகியிருந்தது. மூன்றே நாளில் தவறவிட்டோம்.

என்ன நடந்தது?

நம்மில் பலர் 'எனக்கும் பகிர்ந்திருக்காங்க, அப்போ அது நம்மளோடதுதான்' என்று நினைக்கிறோம். பகிர்வு வேறு, உரிமை வேறு. திருத்தும் அனுமதி இருந்தாலும் உரிமையாளர் ஒருவரே. அவர் கணக்கு அழிந்தால் அவருடைய கோப்புகளும் போய்விடும்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. பகிர்ந்த கோப்புறைக்குள் நீங்கள் ஏற்றிய கோப்புக்கு நீங்கள்தான் உரிமையாளர். கோப்புறை மறைந்தாலும் அந்தக் கோப்பு உங்கள் கணக்கில் இருக்கும். எங்கள் பொருளாளர் தம் டிரைவில் உரிமையாளர் 'நான்' என்று வடிகட்டித் தேடினார். ரசீதுகள் அத்தனையும் கிடைத்தன. உறுப்பினர் பட்டியலைப் பழைய அச்சுத்தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். நான்கு ஆண்டு முகாம் படங்கள் மட்டும் திரும்பவில்லை.

பிழை வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்

1. பேக்கப் யாருடைய கணக்கில் ஓடுகிறது?
2. அந்தக் கணக்கில் இப்போது நுழைய முடிகிறதா?
3. கோப்புறைக்கு யார் உரிமையாளர்? உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் யார்?
4. கணக்கு அழிந்திருந்தால், எந்தத் தேதியில்? அன்றே நிர்வாகியிடம் பேசுங்கள். நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

பொறுப்பு மாறும்போது

கிளையின் பெயரில் ஒரு பொதுக் கணக்கு திறந்து, கோப்புகளின் உரிமையை அதற்கு மாற்றுங்கள். தனிக் கணக்குகளுக்கு இடையே மாற்றும்போது, பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும். கோப்புறையின் உரிமையை மாற்றினால் உள்ளே உள்ள கோப்புகள் தாமாக மாறாது. அவற்றையும் மாற்ற வேண்டும். கல்லூரி, அலுவலகக் கணக்கிலிருந்து தனிக் கணக்குக்கு உரிமையை மாற்ற முடியாது. அங்கே பதிவிறக்கி மறுபடி ஏற்றுவது ஒரு வழி.

பொதுக் கணக்கின் மீட்புத் தொலைபேசி எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் பழைய செயலவையினருடையதாக இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிக் கணக்கை கூகள் அழிக்கலாம் என்பதால் அடிக்கடி நுழையுங்கள். இலவச இடம் 15 ஜிபி மட்டுமே. அது நிறைந்தாலும் பேக்கப் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு நகல் வையுங்கள்.

இது வெறும் கணினி விஷயம் இல்லை. மலேசியாவில் பதிவு பெற்ற சங்கம், பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். கணக்கு விவரம் காணோம் என்றால் யார் பதில் சொல்வது?

அந்த அக்கா மேல் தவறில்லை. அவர் போகும்போது சாவியையும் முத்திரையையும் கேட்டு வாங்கினோம். கோப்புகளைக் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

உங்கள் கிளைக்கு ஒரு பணி: அடுத்த செயலவைக் கூட்டத்தில் டிரைவைத் திறந்து, கோப்புகளின் உரிமையாளர் பெயர்களை எழுதுங்கள். அதில் எத்தனை பேர் இன்றும் உங்களோடு இருக்கிறார்கள்?