முகமே வேண்டாம், கை போதும்

"மூணு நாளா படுக்கையை விட்டு எழவே முடியல" என்று மனநல ஆதரவுக் குழுவில் ஒருவர் எழுதுகிறார். நீங்கள் வரைந்த இமோஜியை அதன் கீழே வைத்துப் பாருங்கள். பல் தெரியச் சிரிக்கும் மஞ்சள் முகம் என்றால் அப்போதே அழித்துவிடலாம். இப்படிப்பட்ட குழுக்களுக்கு இமோஜி வரைய வருகிறவர்கள் எல்லோரும் முதலில் முகம்தான் வரைகிறார்கள்.

2015இல் யூனிகோடில் சேர்ந்த 'அணைக்கும் முகம்' கைகளை விரித்துச் சிரிக்கும். ஆறுதல் தேடுகிறவருக்கு அது கும்மாளமாகத் தெரியலாம். 2020இல் வந்த 'அணைத்துக்கொள்ளும் இருவர்' வெறும் நிழலுருவங்கள். முகம் இல்லாததால் அனுப்புகிறவர் எதையும் நடிக்க வேண்டாம். எனக்கு அதுதான் பிடிக்கும். தோளில் ஒரு கை, பக்கத்தில் காலி நாற்காலி, ஆவி பறக்கும் டீ என்று யோசியுங்கள். கத்தி, கயிறு, மாத்திரை எந்த நோக்கத்திலும் வேண்டாம். ஆப்பிள்கூட 2021இல் ஊசி இமோஜியிலிருந்து ரத்தத்தை எடுத்துவிட்டது.

டிஸ்கார்டு அரட்டைச் செயலிக்கு 128 பிக்சல் அகலத்தில் வரைவீர்கள். வரிக்கு நடுவே அது ஏறத்தாழ 20 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். நுணுக்கமெல்லாம் போய்விடும். வெள்ளைப் பின்னணி, கறுப்புப் பின்னணி இரண்டிலும் 3:1 ஒளிர்வு வேறுபாடாவது இருக்கட்டும். 'பேசலாம்', 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் இமோஜிகளைப் பச்சை, சிவப்பால் மட்டும் பிரிக்காதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு உருவமும் மாற வேண்டும். அசைவு தேவையில்லை, மின்னுவது கூடவே கூடாது.

பெயர் வைப்பதும் உங்கள் வேலைதான். திரைவாசிப்பானில் கேட்பவருக்குப் பெயர்தான் படம். உடைந்துபோய் எழுதியவருக்கு "ஹக் ஃபைனல் 2" என்று பதில் கேட்டால் எப்படி இருக்கும்? 'கூடவே இருக்கேன்' என்கிற பொருளில் சின்னதாக வையுங்கள்.

பிறகு குழுவினர் சிலரிடம் காட்டுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். விளக்காமல், "இதை யாராவது அனுப்பினால் என்ன சொல்கிறார் என்று நினைப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் கும்பிடும் கை வணக்கத்துக்கும் போகிறது, நன்றிக்கும் போகிறது, ஆழ்ந்த இரங்கலுக்கும் போகிறது. வேறு இடத்தில் அது சரி. இங்கே ஆளுக்கொரு பதில் வந்தால் அந்தப் படத்தைக் கைவிடுங்கள்.

கைவிட்டவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில், ஏன் விட்டோம் என்ற ஒரு வரியோடு சேருங்கள். நேர்முகத்தில் பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும். உறுப்பினர்கள் எழுதியவற்றின் ஸ்கிரீன்ஷாட் மட்டும், பெயரை மறைத்தாலும், அதில் வரக் கூடாது.