அறுபது அலகு எல்லையும் வீட்டு வெப்பமும்

கேள்வி: யாழ்ப்பாணத்து வீடொன்றில் மின்கட்டணத்தைக் குறைக்க முதலில் எதனைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மாதாந்த அலகுகளின் எண்ணிக்கையையே முதலில் கவனிக்க வேண்டும். அலகு என்பது 1,000 வாற்று வலுவுள்ள கருவியொன்று ஒரு மணிநேரம் இயங்கச் செலவாகும் மின்சாரம் ஆகும். இலங்கையின் வீட்டு மின்கட்டண முறையில் மாதம் 60 அலகைத் தாண்டும் குடும்பம், மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலையைச் செலுத்த நேர்வதால், அந்த எல்லையை ஒட்டி நிற்போருக்குச் சில அலகுகளின் சேமிப்பும் பெரும் வேறுபாட்டைத் தரும். 75 வாற்று மின்விசிறி நாளுக்குப் 10 மணிநேரம் சுழன்றால் மாதம் 22.5 அலகு செலவாகும். தூரிகையற்ற நேரோட்ட மோட்டார் பொருத்திய, ஏறத்தாழ 30 வாற்று விசிறிக்கோ 9 அலகே போதும்.

எனினும், வெப்பத்தை உள்ளே புகவிட்டுப் பின்னர் விசிறியால் தணிக்க முயல்வதைவிட, அதனை வாசலிலேயே தடுப்பது மேலானது. நாற்சார் வீடு, அதாவது நடுவே திறந்த முற்றமும் அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் கொண்ட மரபு வீடு, தடித்த சுவர்களால் பகல் வெப்பம் உட்புகுவதைத் தாமதப்படுத்தி, சூடேறிய காற்றை முற்றத்தின் வழியே மேலெழச் செய்தது. கொங்கிரீற்று வீடுகளின் பெருக்கத்தில் இவ்வறிவு கைவிடப்பட்டது வருந்தத்தக்கது; ஆயினும் மேற்குச் சுவருக்கு மரநிழலும், தட்டைக் கூரைக்கு வெண்ணிறப் பூச்சும் அளிப்பது இன்றும் இயலக்கூடியதே.