ஏழை நாட்டுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியவை

கேள்வி: சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் வாரந்தோறும் கூடும் நண்பர்கள் நாங்கள். நேபாளத்திலோ கம்போடியாவிலோ ஒரு கிராமப் பள்ளிக்கு உதவ ஆசை. பொதுமக்களிடம் நிதி திரட்டலாமா? நேரில் போய் வகுப்பறை கட்டித் தரலாமா?

பதில்: நல்ல எண்ணம். ஐநா 1971இல் தொடங்கிய, வளர்ச்சியில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் 2024 இறுதியில் 44 நாடுகள் இருந்தன. நேபாளம், பங்ளாதேஷ், மியன்மார், கம்போடியா, லாவோஸ், திமோர் லெஸ்டே எல்லாம் அதில் அடக்கம். நமக்கு இவை அக்கம்பக்கத்து நாடுகள்.

சிங்கப்பூரும் ஒருகாலத்தில் கை நீட்டிப் பெற்ற நாடுதான். 1960இல் ஐநா குழுவுடன் வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ், 1984 வரை நமக்கு ஆலோசனை சொன்னார். முடிவெடுத்ததும் செய்து முடித்ததும் இங்கிருந்தவர்கள். 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டமும் அந்த வழியில் 150,000க்கும் அதிகமான வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. உங்கள் சிறிய முயற்சிக்கும் இதுவே அளவுகோல்: நீங்கள் திரும்பிய பிறகும் அங்கிருப்பவர்களால் அதை நடத்த முடிய வேண்டும்.

முதலில் கேளுங்கள். பள்ளிக் குழுவிடமும் அந்த வட்டாரக் கல்வி அலுவலகத்திடமும் என்ன தேவை என்று விசாரியுங்கள். வகுப்பறையை விடக் கழிவறையோ குடிநீரோ ஆசிரியர் பயிற்சியோ அவசரமாக இருக்கலாம். ஐந்து ஆண்டு கழித்துக் கூரை ஒழுகினால் யார் செலவு செய்வார்கள்? இதற்கு விடை கிடைக்காமல் அடிக்கல் நாட்டாதீர்கள்.

நிதி திரட்டுவதற்குச் சட்டம் உண்டு. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட, அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்குத் தளர்வு உண்டு. ஆகவே, உண்டியலோடு தெருவில் இறங்கும் முன் விண்ணப்பியுங்கள். அனுபவமுள்ள பதிவுபெற்ற அமைப்போடு சேர்ந்து செய்வது இன்னும் எளிது.

நன்கொடைக்கான வரிக் கழிவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 250 விழுக்காட்டுக் கழிவு உள்ளூர்ப் பணிகளுக்கு உரியது. 2025 முதல் 2028 வரையிலான முன்னோட்டத் திட்டத்தில், குறிப்பிட்ட அறநிறுவனங்கள் வழியாக வெளிநாட்டு அவசர நிவாரணத்துக்குத் தரும் ரொக்கத்துக்கு 100 விழுக்காட்டுக் கழிவு உண்டு. பள்ளி கட்டுவது அவசர நிவாரணத்தில் சேராது.

நேரில் போவதென்றால் கைத்திறனோடு போங்கள். செங்கல் அடுக்க அந்த ஊரிலேயே கொத்தனார்கள் இருக்கிறார்கள். உங்கள் விமானக் கட்டணம் அவர்களுக்குக் கூலியாகலாம். நீங்கள் ஆசிரியரோ தாதியோ கணக்காளரோ என்றால், அங்குள்ள சக ஊழியர்களுக்குக் கற்றுத் தாருங்கள். சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் தொண்டூழியர்களை இப்படித்தான் அனுப்புகிறது. கம்போடியாவில் அநாதை இல்லங்களைச் சுற்றிப் பார்க்கும் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். வருகையாளர் பணம் கொட்டும்போது குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிரிக்கும் ஆசை சிலருக்கு வந்துவிடுகிறது.

பழைய துணி மூட்டைகளையும் அனுப்ப வேண்டாம். கப்பல் கூலி உங்களுக்கு வீண்; சுங்கமும் பிரித்தெடுக்கும் வேலையும் பெறுபவர் தலையில் விழும். அந்தக் கூலிப் பணத்தை அனுப்பினால் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். உள்ளூர்க் கடைக்கும் வியாபாரம் நடக்கும்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லெம்பு ரோட்டுத் திடலில் கூடும் பங்ளாதேஷ் ஊழியர்களும் இந்த விஷயத்தில் உங்கள் கூட்டாளிகள்தான். அவர்கள் அனுப்பும் வெள்ளியில்தான் அங்கே வீடு எழுகிறது, தங்கை படிக்கிறாள். பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. நாணய மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடவும், உரிமம் பெற்ற நிறுவனத்தில் மட்டும் அனுப்பவும் அவர்களுக்குக் கற்றுத் தரலாம். காயமடைந்து வேலையின்றி நிற்பவர்களுக்கு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு தரும் டிடபிள்யூசி2 அமைப்புக்கும் தொண்டூழியர்கள் வேண்டும்.

ஒரே பள்ளி, ஒரே உள்ளூர்க் கூட்டாளி, குறைந்தது மூன்று ஆண்டு என்று உறுதி எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கணக்கை அந்த ஊராரிடமும் நன்கொடையாளரிடமும் ஒருசேரக் காட்டுங்கள். இதற்கு மனமிருந்தால் இந்த வாரமே தொடங்குங்கள்.