பத்திரிகைச் சுதந்திரமும் நேர்மையான விசாரணையும்

2003-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு குற்ற வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றிற்று. தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கே அது. மாற்றும்படி மனுச் செய்தவர் தி.மு. கழகப் பொதுச் செயலாளர் க. அன்பழகன். வழக்கை நடத்தும் அரசாங்கத்தின் தலைமையில் எதிரியே அமர்ந்திருந்தார். ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் மீண்டும் குறுக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் 64 பேர் முன்பு கூறியதினின்றும் பிறழ்ந்தனர். அரசுத் தரப்பு வழக்கறிஞரோ அவர்களைப் பிறழ்சாட்சிகளென அறிவிக்குமாறு கோரவில்லை.

பெங்களூரில் தனி நீதிமன்றம் அமைக்கவும், மூத்த வழக்கறிஞர் ஒருவரை அரசுத் தரப்புக்கு நியமிக்கவும் கர்நாடக அரசு பணிக்கப்பட்டது. தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கவே நெடுங்காலம் பிடித்தது. 2014 செப்டம்பர் 27-இல்தான் தீர்ப்பு வந்தது. விசாரணை ஊர் மாறுவது எளிய பரிகாரமன்று என்பதை அலுவலர்கள் இதிலிருந்து உணரலாம்.

இங்கு விசாரணைக்கு ஊறு நேரும் என அஞ்சப்பட்டது அதிகாரத்தினால், பத்திரிகைகளால் அன்று. ஆயினும் அதே பரிகாரம் பத்திரிகை பற்றிய வழக்கிலும் பேசப்படுகிறது. 2012 செப்டம்பர் 11-இல், சகாரா நிறுவன வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, நிலுவையிலுள்ள வழக்கு பற்றிய செய்தி வெளியீட்டைச் சிறிது காலம் ஒத்திவைக்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்றது. ஆனால் நேர்மையான விசாரணைக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருத்தல் வேண்டும். விசாரணையை வேறிடத்துக்கு மாற்றுவது, தள்ளிவைப்பது போன்ற வழிகள் பயன்படாத நிலையிலேயே அவ்வாணை தகும். அதாவது, முதலில் வழக்கு நகரட்டும். பேனா நிற்பது அதற்குப் பின்னரே. ஒத்திவைப்பு ஆணை தணிக்கைக்கு மிக அருகில் நிற்பது என்பதால் இவ்வரிசை சரியானதே.

அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்கு நீதிமன்ற அவமதிப்பு ஒரு வரம்பு என 19(2) கூறுகிறது. நேர்மையான விசாரணை 21-ஆம் பிரிவில் அடங்கியது. நம் நாட்டில் இன்று ஜூரி முறை இல்லை. பயிற்சி பெற்ற நீதிபதியைச் செய்திகள் அசைக்கா என்பர். சாட்சிகள் நீதிபதிகள் அல்லரே! தொலைக்காட்சியில் பன்முறை கண்ட முகத்தை அடையாள அணிவகுப்பில் காட்டுவதற்கு என்ன மதிப்பு?

மாணவர்கள் 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். நடவடிக்கைகளை நேர்மையாகவும் பிழையின்றியும் வெளியிடுவது குற்றமன்று என்கிறது 4-ஆம் பிரிவு. 3-ஆம் பிரிவின்படி குற்ற வழக்கு 'நிலுவையில்' ஆவது, குற்றப்பத்திரிகை தாக்கலான பின்னரோ அழைப்பாணை அல்லது பிடியாணை பிறந்த பின்னரோதான். பிடியாணையின்றிக் கைதான ஒருவரைப் பற்றிப் பரபரப்பு மிகுந்து நிற்பது கைதான முதல் சில நாட்களில் அல்லவா? சட்ட ஆணையம் 2006-இல் தனது 200-ஆவது அறிக்கையில், கைது செய்யப்பட்ட நேரத்திலிருந்தே வழக்கு நிலுவையிலிருப்பதாகக் கொள்ளவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 3-ஆம் பிரிவு இன்னும் அவ்வாறு திருத்தப்படவில்லை.