பிளாட்டில் நாய் வளர்க்கப் போகிறவர்களுக்கு

இரண்டு படுக்கையறை பிளாட்டில் நாய் வளர்ப்பது பாவமில்லையா என்று என்னிடம் கேட்காத இளம் தம்பதி இல்லை. பாவமில்லை. சென்னையில் மூன்றாம் மாடியிலும் ஏழாம் மாடியிலும் கடைசிவரை நிறைவாக வாழ்ந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். தோட்டம் வைத்த பங்களாவில் சங்கிலியில் கிடந்தே கிழடான நாய்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டு குட்டியைத் தூக்குங்கள். தனி வீட்டு நாய் வெயில் ஏறினால் நிழலுக்குப் போகும், மூத்திரம் வந்தால் கொல்லைக்குப் போகும், சத்தம் கேட்டால் கேட் வரை ஓடிப் பார்த்துவிட்டு வரும். பிளாட் நாய்க்கு இத்தனையும் நீங்கள் எழுந்து கதவைத் திறந்தால்தான் உண்டு. நான் கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

1. எந்த நாய் என்று முடிவு செய்யும்போது சென்னை வெயிலை நினையுங்கள். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை ஏ.சி. போட்டு வளர்த்துவிடலாம் என்பார்கள். மே மாத மதியம் கரண்ட் போனால் அது படும் பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் இந்த ஊர் கஷ்டம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். அந்தக் குட்டை மூக்கில் காற்று போக வழி குறைவு. நம் ஊர் ஜாதிகளில் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு ஓடப் பிறந்தவை. தினமும் ஓடவிட இடம் இருந்தால் மட்டும் எடுங்கள். ராஜபாளையம் அந்நியரை எளிதில் ஏற்காது; லிஃப்டில் தினம் பத்துப் பேர் உரசிப்போகும் வாழ்க்கை அதற்கு வதை.

நான் எப்போதும் நாட்டு நாயின் பக்கம். வெயில் பழகிய உடம்பு, குட்டை முடி, கூர்மையான புத்தி. கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் தத்து கொடுக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் குட்டியை விட்டுவிட்டு இரண்டு வயது ஆன ஒரு நாயை எடுங்கள். அதன் குணம் தெரிந்தே எடுக்கலாம், இரவெல்லாம் விழிக்கவும் வேண்டாம்.

2. தடுப்பூசியில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ரேபீஸ் ஊசி மூன்றாம் மாதம். பிறகு வருடா வருடம். எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். மழைக்காலத்தில் பார்க்கிங்கில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், அந்த நோய் நாயிடமிருந்து உங்களுக்கும் வரும். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு தினம் வெளியே போங்கள். ஆட்டோ சத்தம், குக்கர் விசில், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், சக்கர நாற்காலி எல்லாவற்றையும் அது மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகிவிட வேண்டும். அந்த வயதில் பார்க்காததைக் கண்டு பிற்பாடு மிரளும்.

மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ரேபீஸ் ஊசிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிவிடுங்கள்.

3. பிளாட் வாழ்க்கையில் முதல் தலைவலி மூத்திரம்தான். குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் போகும். இந்த மூன்று நேரத்திலும் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். ஊசி முடியும்வரை பாத்ரூமிலோ பால்கனி மூலையிலோ பேப்பர் விரித்துப் பழக்குங்கள். சரியான இடத்தில் போனால் அந்த நொடியே ஒரு துண்டு சிக்கன் கொடுங்கள்; ஹாலுக்குத் திரும்பி வந்தபின் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. தப்பான இடத்தில் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் கூடவே கூடாது. உங்கள் கண்ணெதிரே போகக்கூடாது என்பதை மட்டும் அது கற்றுக்கொண்டு, அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும், அதனால் வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள்.

வளர்ந்த நாயை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறையாவது கீழே கொண்டுபோக வேண்டும். இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று. நாய் காரியத்தை முடித்த மறுநிமிடமே நீங்கள் லிஃப்டுக்குத் திரும்பினால், முடித்தால் உலா முடிந்துவிடும் என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு அடக்கிக்கொண்டே உங்களை அரை மணி நேரம் சுற்ற வைக்கும். முடித்த பிறகு இன்னும் பத்து நிமிடம் நடத்திக் கூட்டிவாருங்கள். பிறகு கீழே இறங்கிய உடனே போய்விடும். மலத்தை நீங்களே அள்ளுங்கள். கையில் பழைய பேப்பரும் கவரும் இல்லாமல் படி இறங்காதீர்கள். காலையில் பெருக்க வரும் அம்மா உங்கள் நாயின் மலத்தை அள்ளுவதற்குச் சம்பளம் வாங்கவில்லை. இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை.

4. உலா என்றால் நாய்க்குக் கால் வலிக்க நடப்பது என்று அர்த்தமில்லை. அதற்கு மூக்கால் பார்ப்பதுதான் உலகம். லைட் கம்பத்தடியில் நின்று இரண்டு நிமிடம் மோந்துகொண்டே இருக்கும், இழுக்காதீர்கள். நேற்று இரவு யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று அங்கே படித்துக்கொண்டிருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட, அதன் போக்கில் இருபது நிமிடம் மோந்து வந்த நாய் வீட்டில் அமைதியாகத் தூங்கும்.

கோடையில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், மாலையில் இருட்டிய பிறகு போங்கள். தார் ரோட்டில் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் அதன் பாதம் வெந்துபோகும்.

தெரு நாய்களைக் கண்டு பயந்தே பலர் உலாவை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. தினம் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போனால் அவை உங்களை அறிந்துகொள்ளும். அவற்றுக்குச் சோறு வைப்பவர் யாரென்று விசாரித்து அவரோடு பழகுங்கள். எதிரே வந்தால் லீஷைச் சுருக்கிப் பிடித்து, உங்கள் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நீங்கள் நின்று, திரும்பி நடங்கள். ஓடுவதும் கத்துவதும் கல்லெறிவதும் அவற்றைத் துரத்தத்தான் தூண்டும்.

5. லிஃப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஏறிவிடுகிறீர்கள், நாய் வாசலில் எதையோ மோந்துகொண்டு நிற்கிறது, லீஷ் உங்கள் மணிக்கட்டில். கதவு மூடுகிறது. மெல்லிய லீஷைக் கதவின் சென்சார் பல நேரம் உணராது. லிஃப்ட் நகர்ந்தால் கழுத்துப்பட்டையோடு நாய் தூக்கில் தொங்கும். இப்படி உயிர் போன நாய்கள் உண்டு. அதனால் எப்போதும் நாய் முன்னால், நீங்கள் பின்னால். லீஷை முழங்கை அளவுக்குச் சுருக்குங்கள், கதவு மூடும்வரை உங்கள் பார்வை நாய் மேல் இருக்கட்டும். நீளும் லீஷ் அடுக்குமாடிக்கு ஆகாது. உள்ளே மூலையில் உட்கார வைத்து, கதவுக்கும் அதற்கும் நடுவில் நில்லுங்கள். உள்ளே ஏற்கெனவே யாராவது இருந்தால் “நீங்க போங்க, நான் அடுத்ததுல வர்றேன்” என்று சொல்லுங்கள். பயப்படுகிறவர் அதைச் சொல்லக் கூச்சப்படுவார். நீங்களே முந்திச் சொன்னால் அவர் மனதில் உங்கள் நாய்க்கு இடம் கிடைக்கும்.

6. பால்கனி கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். புறா வலை நாயின் எடையைத் தாங்காது. கம்பி வலை அடியுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாக நாற்காலி, பூந்தொட்டி ஸ்டாண்டு, வாஷிங் மெஷின் எதுவும் இருக்கக் கூடாது.

பால்கனியையே நாயின் வீடாக்கிவிடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் 1950-களில் எடுத்த முயற்சியின் பலனாக வந்த 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், கட்டியோ அடைத்தோ வைத்த நாயை உலாத்தாமல் விடுவதையே கொடுமை என்று எழுதி வைத்திருக்கிறது.

7. வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் நம் தட்டிலிருந்து வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆக சாம்பார் சாதம், பிரியாணி, குழம்பு மூன்றும் கிடையாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் உலர் திராட்சையும் அதில் சேர்த்திதான். சாக்லேட், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் போடும் சைலிட்டால், வேகவைத்த கோழி எலும்பு, மாங்கொட்டை எதுவும் கூடாது. மாங்கொட்டை குடலில் அடைத்து ஆபரேஷன் வரை போகும். தயிர் சாதம் மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்த கறியோ முட்டையோ தினம் வேண்டும். பாச்சை உருண்டை, கற்பூரம், எலி மருந்து, பூச்சாடியில் அரளி, இவை தரையிலோ அதற்கு எட்டும் இடத்திலோ இருக்கவே கூடாது. காய்ச்சலென்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். எதையாவது தின்றுவிட்டால் அந்த உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைக்கும் கைவைத்தியம் ஆபத்து.

8. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டால் நமக்குக் காய்ச்சல் போலத் தோன்றும், பயப்பட வேண்டாம். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். குடிக்கிற நிலையில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். நனைத்த கையோடு வண்டியில் ஏற்றுங்கள். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை உங்கள் பக்கத்தில் எது என்று இன்றைக்கே விசாரித்து நம்பரைக் கதவில் ஒட்டுங்கள்.

9. உண்ணி. உலாவிலிருந்து வந்ததும் காதுக்குள்ளே, விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். பிளாட்டில் சுவர் விரிசலிலும் சோபா மடிப்பிலும் முட்டையிட்டுவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. டாக்டர் சொல்லும் உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். நாய் சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்து, சோர்ந்து படுத்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சல் காத்திருக்காது.

10. தனியாக இருக்கப் பழக்குவதை முதல் வாரமே தொடங்குங்கள். கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி. போகும்போது கொஞ்சிக் கட்டியணைத்து விடைபெறாதீர்கள், வந்ததும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். சாப்பாட்டில் பாதியைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். மூக்கும் மூளையும் அதில் மூழ்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் யாருமில்லாத வீட்டில் நாய் வளர்க்க வேண்டுமென்றால், நடுவில் வந்து கீழே கூட்டிப்போக ஒருவரைப் பேசி வையுங்கள். வழியில்லையென்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம். நாள் முழுக்கக் குரைப்பதாக அக்கம்பக்கத்தார் சொன்னால் கோபப்படாமல் ஒரு போனை ரெகார்டிங்கில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நீங்கள் இல்லாத வீட்டில் அது எப்படி அழுகிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

11. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்த அசோசியேஷனும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது என்று சொல்கிறது. அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே நீட்டாதீர்கள். சின்ன வயதில் கடிபட்டவர், கைக்குழந்தைக்காரி, முட்டிவலியோடு தடுமாறி நடக்கும் பெரியவர் எல்லாரும் அந்தப் படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். பொது இடத்தில் ஒரு நிமிடம்கூட லீஷ் இல்லாமல் விடாதீர்கள். “ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லாதீர்கள். பயப்படுகிறவருக்கு அதில் ஆறுதல் இல்லை. ஊசிச் சான்றின் நகலை அசோசியேஷன் செயலாளர் கேட்காமலே அவரிடம் கொடுங்கள். நாயின் பல் யார்மீதாவது பட்டுவிட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் செய்து, நீங்களே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

12. தீபாவளிக்கு அரசு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வரையறுத்தாலும் வெடிச்சத்தம் முன்னும் பின்னும் பல நாள் இருக்கும். சன்னல் குறைவான அறையில் திரையை இழுத்து, ஃபேனையும் டிவியையும் ஓடவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது பொய், தாராளமாகத் தடவுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் மருந்து கேளுங்கள். பலகாரம் கொண்டுவருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கும் நொடியில்தான் நாய் தப்பி ஓடும். அன்று முழுக்கக் கழுத்தில் உங்கள் போன் நம்பர் எழுதிய வில்லை இருக்கட்டும்.

13. வயதான பிறகு வழவழப்பான டைல்ஸ் தரையே நாய்க்கு எதிரி. பின்னங்கால் சறுக்கி, எழ முடியாமல், கூப்பிட்டால் வராது; பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, கிண்ணத்திலிருந்து வாசல் வரை பாய் விரியுங்கள். பாத முடியை வெட்டிவிடுங்கள். நாய் இளமையாக இருக்கும்போதே, லிஃப்ட் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு உங்களால் படி இறங்க முடியுமா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். முடியாதென்றால் பெட்ஷீட்டைத் தூளியாகப் பிடித்து இறக்கப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவரைப் பழக்கி வையுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் சாவியையும் அவரிடமே கொடுக்கலாம்.