கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலியும் ஊசிவழிச் சிகிச்சையும்

வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் தஞ்சைப் பகுதியில் குறுவை நடவு மும்முரமாகும். அதன்பின் சம்பா நடவு வரும். நாற்று முடியைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும் பெண்களின் கட்டைவிரல் ஒரே அசைவை நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. பின்னர் மணிக்கட்டு வலித்தால் சுளுக்கு என்று எண்ணி உருவிவிடுகிறோம். பல நேரங்களில் அது சுளுக்கு அன்று.

நோய் எது?

கட்டைவிரலை விரிக்கும் இரு தசைநாண்கள் மணிக்கட்டில் ஓர் இறுகிய உறைக்குள் செல்கின்றன. உறை தடித்தால் அவை உராய்ந்து வலிக்கும். 1895இல் இதனை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயரால் இது 'டி குவெர்வைன் நோய்' எனப்படுகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வரும். அழுத்தி உருவினால் வலி கூடலாம்.

சிகிச்சை என்ன?

முதலில் ஓய்வும், கட்டைவிரலை அசையாமல் தாங்கும் பட்டையும். அவற்றால் தீராவிடில் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி இடப்படும். சிலருக்கு அவ்வுறை நடுவே ஒரு தடுப்பால் இரு அறைகளாகப் பிரிந்திருக்கும். கைத்தடவலில் அது தெரியாது; மருந்து ஓர் அறையில் மட்டும் சேர்ந்தால் வலி நீடிக்கும். அல்ட்ராசவுண்ட் திரையில் தடுப்பையும் ஊசிமுனையையும் கண்டு, இரு அறைகளிலும் மருந்தைச் செலுத்தலாம். இதில் கதிர்வீச்சு இல்லை; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஊசியிலும் குணமாகாதோருக்கு உறையைத் திறந்துவிடும் சிறு அறுவை சிகிச்சை உண்டு.

முன்னதாகச் சொல்ல வேண்டியவை

நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மறைக்காதீர்கள். ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை உயரலாம். ஊசியிட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம்.

வீட்டில் கவனம்

முதல் ஓரிரு நாள் வலி சற்றுக் கூடலாம். வலி குறைந்ததும் மறுநாளே வயலில் இறங்க வேண்டாம். மருத்துவர் கூறும் நாள்வரை கைக்கு ஓய்வு தேவை. துணி பிழிதல், குடம் தூக்குதல் ஆகியவற்றைக் குடும்பத்தினர் ஏற்க வேண்டும். காய்ச்சல், சிவப்பு, பெருகும் வீக்கம் தோன்றினால் உடனே வாருங்கள். கீழே விழுந்தபின் வந்த வலியாயின் எலும்பு முறிவா என முதலில் பார்க்க வேண்டும்.

நடவுக் கூலியை இழக்க அஞ்சி வலியைப் பொறுப்போர் பலர். தொடக்கத்திலேயே வந்தால் பட்டையும் ஓய்வுமே போதுமானதாக இருக்கலாம். நாள் கடத்தினால் ஒரு பருவமே கைவிட்டுப் போகலாம்.