இருமலுக்குப் பின்னால் இருக்கும் பூச்சி

கேகாலைப் பக்கத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை விடாமல் இருமினால், "பனி ஒத்துக்கல்ல" என்று லயத்தில் சொல்லிவிடுவார்கள். வயிற்றுப் பூச்சியை யாரும் நினைப்பதில்லை.

"பூச்சி வயித்துலதானே இருக்கும், நெஞ்சுச் சளிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நிறையவே இருக்கிறது. வட்டப்புழு குடலில் குடியேறுவதே சுவாசப்பை வழியாக வந்த பிறகுதான். மண்ணில் கிடக்கும் முட்டை அழுக்குக் கையோடும் கழுவாத கீரையோடும் வாய்க்குள் போகிறது. குடலில் பொரித்த குடம்பி இரத்தத்தில் கலந்து, ஈரலைக் கடந்து, சுவாசப்பையில் 10 முதல் 14 நாள் வரை தங்கி வளர்கிறது. பிறகு தொண்டைக்கு ஏறி, சளியோடு விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு இறங்குகிறது. ஜப்பானிய மருத்துவர் சிமேசு கோய்னோ 1922இல் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கி, தன் சளியில் குடம்பிகளைக் கண்டார். அவை சுவாசப்பையில் இருக்கும் நாட்களில் வறட்டு இருமலும் இழுப்பும் காய்ச்சலும் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். கொழுக்கிப்புழுவும் சுவாசப்பை வழியாகத்தான் போகிறது. அது நுழைவது வெறுங்காலின் தோலைத் துளைத்து.

"மலம் சோதிச்சாச்சு, பூச்சி இல்லையாம்."

முட்டை விழுங்கப்பட்டு 2, 3 மாதம் கழித்துத்தான் வளர்ந்த புழு முட்டையிடும். இருமும் நாட்களில் மலத்தில் எதுவும் தெரியாது. அப்போது இரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் கூடியிருப்பதும் மார்பு எக்ஸ்ரேயும்தான் வைத்தியருக்குத் துப்புக் கொடுக்கும்.

"இனிப்புத் தின்னு தின்னுதான் பூச்சி வந்துச்சு."

இனிப்பில் புழு முட்டை இல்லை. பல குடும்பங்களுக்கு ஒரே மலசலகூடம், அதுவும் உடைந்தது என்றால் மண்ணில் முட்டை சேராமல் என்ன செய்யும்? விடியற்காலையில் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போகிற தாயின் மேல், இனிப்புக் கொடுத்தாள் என்று பழியைப் போடுவது அநியாயம்.

"ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்துட்டாங்க."

அது கட்டாயம் தேவை. ஆனால் அன்று குடலில் இருக்கும் புழுவைத்தான் அது கொல்லும். நாளை வாய்க்குள் போகும் முட்டையைத் தடுக்காது. மாத்திரைத் திட்டம் பத்தாண்டுக்கு மேல் நடந்த பிறகும், 2009இல் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ 29 வீதத்தினருக்குக் குடற்புழு இருந்தது. மலசலகூடத்தையும் தண்ணீரையும் தோட்ட நிர்வாகத்திடம் உரிமையாகவே கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எல்லா இருமலும் பூச்சி இருமல் அல்ல. 2 வாரம் தாண்டினால் காசநோய்ச் சோதனை அவசியம். மூச்சு வேகமாகி, நெஞ்சு உள்ளிழுத்தால் வீட்டில் மாத்திரை தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.